நரம்பியல் அறிமுகத் தேர்வுக்கு ஆன்கி: பெயர்களுக்கு நூறு, பாதைகளுக்கு ஐம்பது

மூளையையும் தண்டுவடத்தையும் பற்றிய அறிமுகப் பாடம் இன்று மருத்துவ மாணவர்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. உளவியல், இயன்முறை மருத்துவம், செவிலியம் என்று பல படிப்புகளின் தொடக்கத்தில் அது ஏதோ ஒரு பெயரில் வந்துவிடுகிறது. அந்தத் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்ற பேச்சு எழும்போதெல்லாம் தவறாமல் அடிபடும் பெயர், வினா-விடை அட்டைகளைத் திரும்பத் திரும்பக் காட்டி நினைவில் நிறுத்த உதவும் ஆன்கி என்னும் செயலி. அதை இந்த ஒரு பாடத்துக்கான கருவியாக மட்டும் வைத்துக்கொண்டு மதிப்பிடுவதே இங்கு என் நோக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயர்களை நினைவில் நிறுத்துவதற்கு இதைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை. ஆனால் நரம்பியல் தேர்வில் நல்ல மாணவரையும் சுமாரான மாணவரையும் பிரித்துக் காட்டும் வினாக்கள் பெயரைக் கேட்பவை அல்ல. ஒரு செய்தி எங்கே தொடங்கி, எங்கே பக்கம் மாறி, எங்கே போய்ச் சேருகிறது என்று கேட்பவை. அவற்றுக்கு ஆன்கி தானாக உதவாது. உதவும்படி அட்டைகளை எழுதிக்கொள்வது படிப்பவரின் வேலை.

டேமியன் எல்ம்ஸ் என்பவர் 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட திறமூல மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் காசு கொடுக்காமல் நிறுவிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைபேசிகளுக்குத் தன்னார்வலர்கள் தனியாக உருவாக்கிய ஆன்கிட்ராய்டு என்னும் வடிவமும் இலவசம். ஐபோனுக்கு மட்டும் 24.99 அமெரிக்க டாலர் கட்ட வேண்டும். ஒரு முறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. கணினியில் எழுதும் அட்டைகள், ஆன்கிவெப் என்னும் இலவச இணையக் கணக்கின் வழியாகக் கைபேசிக்கு வந்து சேர்கின்றன.

செயலி வேலை செய்யும் விதம் எளியது. அட்டையின் முன்பக்கத்தில் வினா, பின்பக்கத்தில் விடை. விடையை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பிறகு அட்டையைத் திருப்பி, 'அகெய்ன்', 'ஹார்ட்', 'குட்', 'ஈஸி' என்ற நான்கு பொத்தான்களுள் ஒன்றை அழுத்த வேண்டும். தெரிந்த அட்டை சில நாள் கழித்தும், பிறகு சில வாரம் கழித்தும், பிறகு சில மாதம் கழித்தும் திரும்ப வரும். தெரியாத அட்டை சில நிமிடங்களிலேயே திரும்ப வந்து நிற்கும். படித்தது எவ்வளவு விரைவாக மறக்கிறது என்பதை உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே சோதனைப் பொருளாக்கி அளந்து 1885இல் வெளியிட்டார். மறக்கத் தொடங்கும் வேளையில் மீண்டும் நினைவுகூர்ந்தால் அடுத்த மறதி தாமதமாகும் என்ற எண்ணமே இத்தகைய செயலிகள் அனைத்துக்கும் அடிப்படை. மீண்டும் வாசிப்பதைவிடத் தன்னைத்தானே சோதித்துக்கொள்வது மேல் என்பதற்கும் சான்று உண்டு. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், படித்த ஐந்து நிமிடத்தில் தேர்வு வைத்தபோது மீண்டும் வாசித்த மாணவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் நிலைமை தலைகீழானது. தேர்வுக்கு முந்தைய இரவு குறிப்பேட்டைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்ததுபோல் தோன்றுவதற்கும், தேர்வறையில் கை நின்றுபோவதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த ஆய்வு ஓரளவு விளக்குகிறது.

நரம்பியலுக்கு இந்த முறை ஏன் பொருந்துகிறது என்றால், தொடக்கநிலைப் பாடத்தில் பெயர்களின் குவியல் அத்தனை பெரியது. மூளையிலிருந்து நேரே கிளம்பும் பன்னிரண்டு இணைக் கபால நரம்புகளுக்கும் எண், பெயர், பணி, மூளையோடு இணையும் இடம் என்று நான்கு செய்திகள் வீதம் எடுத்துக்கொண்டாலே ஐம்பதை நெருங்கிவிடும். நரம்புச் செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள்களுள் டோபமின் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் மூளைப் பகுதியிலிருந்தும் அதன் அண்டைப் பகுதியிலிருந்தும் வருகிறது, செரடோனின் ராஃபே உட்கருக்களிலிருந்து வருகிறது, நார்அட்ரினலின் லோகஸ் செருலியசிலிருந்து வருகிறது என்பன போன்ற இணைகளைப் புரிந்துகொண்டு வருவிக்க இயலாது. நெட்டுருப் போடத்தான் வேண்டும். காபா என்னும் அடக்கும் வேதிப்பொருளை ஏற்கும் புரதங்களான காபா ஏற்பிகளுள் ஏ வகை குளோரைடு அயனிக்கு வழிவிடும் கால்வாய் என்பதும், பி வகை உள்ளிருக்கும் ஜி புரதத்தின் வழியாக வேலை செய்வது என்பதும் அப்படியே. இத்தகைய செய்திகளை ஆன்கியிடம் ஒப்படைத்துவிடலாம். நாள்தோறும் அரை மணி நேரம் ஒழுங்காக அட்டைகளைப் பார்ப்பவருக்கு இவை தேர்வுநாள் வரை நழுவுவதில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

படங்களைப் பொறுத்தவரை இதன் பயன் இன்னும் கூடுதல். 2023இல் வந்த 23.10 பதிப்பு முதல், படத்தில் உள்ள பெயர்களைக் கட்டமிட்டு மறைத்து, ஒவ்வொரு கட்டத்தையும் தனி அட்டையாக்கும் வசதி செயலிக்குள்ளேயே வந்துவிட்டது. முன்பு இதற்கென்று தனி இணைப்பு நிரலைத் தேடி நிறுவ வேண்டியிருந்தது. மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்தின் குறுக்குவெட்டுப் படம் ஒன்றைப் போட்டுப் பிரமிடு, ஆலிவ், கிராசைல் உட்கரு, கியூனியேட் உட்கரு என்று ஒவ்வொன்றாக மறைத்தால் சில நிமிடங்களில் பத்துப் பதினைந்து அட்டைகள் தயாராகிவிடும். எல்லாப் பெயர்களையும் மறைத்து ஒன்றை மட்டும் கேட்கும் முறை, ஒன்றை மட்டும் மறைத்துக் கேட்கும் முறை என இரண்டு உண்டு. முதல் முறையையே நான் பரிந்துரைப்பேன். இரண்டாவதில் சுற்றியிருக்கும் பெயர்களைப் பார்த்தே விடையை ஊகித்துவிட முடிகிறது. தேர்வுத்தாளில் அந்தச் சலுகை கிடைக்காது. படங்களுக்கு எங்கே போவது என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: ஹென்றி கிரேயின் உடற்கூற்றியல் நூலின் 1918ஆம் ஆண்டு அமெரிக்கப் பதிப்பிலுள்ள படங்கள் காப்புரிமை நீங்கிப் பொதுவுடைமையாகிவிட்டன. சில பெயர்கள் பழையவை. ஆயினும் மூளைத்தண்டும் கபால நரம்புகளும் நூறு ஆண்டில் இடம் மாறிவிடவில்லை.

இனி ஐம்பது மதிப்பெண் ஏன் என்பதற்கு வருகிறேன்.

நரம்புச் செல்லில் செய்தியாக ஓடும் மின்துடிப்பான செயல்நிலை மின்னழுத்தம் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஓய்வுநிலை மின்னழுத்தம் சுமார் −70 மில்லிவோல்ட், தூண்டல் எல்லை சுமார் −55, சோடியம்-பொட்டாசியம் பம்பு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது, கணவாயின் பெரிய ஆக்சானில், அதாவது நரம்பிழையில், ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் செய்த ஆய்வுகள் 1952இல் வெளிவந்தன என்று ஒரு மாணவர் அட்டைகள் எழுதி எல்லாவற்றுக்கும் 'ஈஸி' அழுத்திக்கொண்டிருக்கலாம். தேர்வில் வரும் வினாவோ, செல்லுக்கு வெளியே உள்ள பொட்டாசியத்தின் செறிவு இருமடங்கானால் ஓய்வுநிலை மின்னழுத்தம் எத்திசையில் நகரும் என்பது. வெளியே 5, உள்ளே 140 மில்லிமோல் என்று வைத்து, செறிவு வேறுபாட்டிலிருந்து மின்னழுத்தத்தைக் கணக்கிடும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைப் போட்டால் பொட்டாசியத்தின் சமநிலை மின்னழுத்தம் சுமார் −88 மில்லிவோல்ட் வரும். வெளிச்செறிவு 10 ஆனால் அது சுமார் −70 ஆகிவிடும். ஓய்வில் இருக்கும் சவ்வு பெரும்பாலும் பொட்டாசியத்துக்கே வழிவிடுவதால், ஓய்வுநிலை மின்னழுத்தமும் சுழியை நோக்கி நகரும். இதை எழுதுவதற்கு −70 என்ற எண்ணை நினைவில் வைத்திருப்பது மட்டும் போதாது. அந்த எண் எதனால் அங்கே நிற்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாளில் வளைகோட்டை வரைந்து, எந்தக் கால்வாய் எப்போது திறக்கிறது, எப்போது மூடுகிறது என்று பிறருக்குச் சொல்வதுபோல் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதற்கு மாற்று கிடையாது. அதன் பிறகு எழுதும் அட்டைகள்தாம் பயன் தரும். அதற்கு முன் எழுதுபவை எண்களின் பட்டியலாகவே நின்றுவிடும்.

தண்டுவடப் பாதைகளில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். வலியும் வெப்பமும் ஸ்பைனோதலாமிக் பாதை வழியாகவும், அதிர்வும் மூட்டின் நிலையும் பின்தூண் பாதை வழியாகவும் மூளைக்குப் போகின்றன. 'ஸ்பைனோதலாமிக் பாதை எங்கே பக்கம் மாறுகிறது?' என்று கேட்கும் அட்டைக்குத் 'தண்டுவடத்திலேயே, நுழைந்த இடத்துக்கு ஓரிரு கண்ட அளவுக்குள்' என்பது விடை. 'பின்தூண் பாதை எங்கே பக்கம் மாறுகிறது?' என்பதற்கு 'முகுளத்தில்' என்பது விடை. இரண்டும் சரியான அட்டைகளே. ஆனால் இரண்டையும் அறிந்த மாணவரிடம், மார்புப் பகுதியில் தண்டுவடத்தின் வலப்பாதி மட்டும் வெட்டுப்பட்டால் எந்தக் காலில் எது போகும் என்று கேட்டால் பெரும்பாலும் தடுமாறுகிறார். வலக்காலில் தசைவலுவும், அதிர்வையும் மூட்டின் நிலையையும் அறியும் உணர்வும் போகும். இடக்காலில் வலியும் வெப்பமும் தெரியாமல் போகும். பிரௌன்-செக்கார் நோய்க்குறித் தொகுப்பு என்று பாடநூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன. ஆகவே நான் சொல்வது இதுதான்: அட்டையின் முன்பக்கத்தில் அந்தப் பாதையின் பெயரே இருக்கக் கூடாது. நோயாளியின் நிலை இருக்க வேண்டும். 'வலக்காலில் வலுவில்லை, இடக்காலில் குண்டூசி குத்துவது தெரியவில்லை; பழுது எங்கே, ஏன்?' என்று எழுதினால், ஒவ்வொரு முறை அந்த அட்டை வரும்போதும் இரண்டு பாதைகளையும் மனத்தில் வரைந்தாக வேண்டியிருக்கும்.

முக நரம்புக்கும் இவ்வாறே எழுதலாம். ஒருவருக்கு இடப்பக்கத்து வாயோரம் தொங்குகிறது, ஆனால் இரு புருவங்களையும் உயர்த்தி நெற்றியைச் சுருக்க முடிகிறது என்றால், பழுது மூளையின் எதிர்ப்பக்கத்தில், அதாவது மேல்நிலை இயக்கப் பாதையில் இருக்கிறது. நெற்றித் தசைகளுக்கு இரு பக்கப் பெருமூளையிலிருந்தும் கட்டளை வருவதால் அவை தப்பித்துக்கொள்கின்றன. நெற்றியும் சேர்ந்து செயலிழந்திருந்தால் முக நரம்பையே ஐயுற வேண்டும். பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்தில் கட்டி அழுத்தினால் இரு கண்களிலும் வெளிப்புறப் பார்வைப் பாதி போய்விடும். அந்தக் குறுக்கீட்டைத் தாண்டிய பாதையில் பழுது என்றால் இரு கண்களிலும் எதிர்ப்பக்கப் பாதி போகும். இவற்றை எழுதுவதற்கு நேரம் பிடிக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஒரு நல்ல அட்டைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகலாம். அந்த ஐந்து நிமிடமே உண்மையில் படிப்பு நடக்கும் நேரம் என்பதால் அதை மிச்சப்படுத்த முயல்வது வீண்.

இதனாலேயே பிறர் உருவாக்கி இணையத்தில் பகிர்ந்திருக்கும் அட்டைக் கட்டுகளை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அவற்றுள் சில மிகுந்த உழைப்பில் உருவானவை. ஆனால் பெரிய மருத்துவக் கட்டுகள் பல அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நம் பாடத்திட்டம் கேட்காத நோய்களும் மருந்துகளும் அவற்றில் நிறைந்திருக்கும், நம் ஆசிரியர் அழுத்திச் சொன்னது இல்லாமலும் இருக்கும். அதைவிடப் பெரிய குறை, வகுப்பில் இன்னும் நடத்தாத பாடத்தின் அட்டை வந்து நிற்கும்போது மாணவர் அதைப் புரிந்துகொள்ளாமல் சொற்களாகவே மனப்பாடம் செய்துவிடுகிறார் என்பது. கபால நரம்புகள், மூளையின் மேற்பரப்பு மடிப்புகள் போன்ற பெயர்ப் பகுதிகளுக்குப் பிறர் கட்டை எடுத்துக்கொள்வதில் தவறில்லை. உடலியங்கியல் பகுதிக்கு அது உதவாது.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்த சிறு வசதி ஒன்றைப் பலரும் தொல்லையாகக் கருதுகிறார்கள். ஓர் அட்டையை எட்டு முறை மறந்துவிட்டால், ஆன்கி அதற்கு 'லீச்', அதாவது இரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி என்ற முத்திரையைக் குத்திவிடும். நரம்பியலில் அந்த முத்திரை விழும் அட்டைகளைத் தொகுத்துப் பார்த்தால், எந்தப் பாடம் புரியவில்லை என்பதைச் செயலியே காட்டிக்கொடுத்துவிடுகிறது. அசைவைக் கட்டுப்படுத்தும் ஆழ்மூளை உட்கருக்களான பேசல் கேங்லியாவின் மறைமுகப் பாதை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்ட்ரையேட்டம் குளோபஸ் பாலிடசின் வெளிப்பகுதியை அடக்குகிறது, அந்த வெளிப்பகுதி சப்தலாமிக் உட்கருவை அடக்கிக்கொண்டிருந்தது, இப்போது அந்தப் பிடி தளர்கிறது, விடுபட்ட சப்தலாமிக் உட்கரு குளோபஸ் பாலிடசின் உட்பகுதியைத் தூண்டுகிறது, அது தலாமஸை மேலும் அடக்குகிறது, அசைவு குறைகிறது. இந்தத் தொடரை நான்கு தனி அட்டைகளாக வெட்டிப் போட்டவருக்கு நான்கும் குழம்பும். டோபமின், அசைவைத் தூண்டும் நேர்ப்பாதையை டி1 ஏற்பியின் வழியே ஊக்குவித்தும், மறைமுகப் பாதையை டி2 ஏற்பியின் வழியே தணித்தும், இரு வகையிலும் அசைவுக்கே துணைபோகிறது என்பது அவருக்கு முரண்பாடாகவே தோன்றும். ஒரு முறை அம்புக்குறிகளோடு முழுப்படத்தையும் வரைந்துவிட்டு, டோபமின் குறைந்தால் இரு பாதைகளிலும் என்ன ஆகும் என்று விரலால் தொட்டுக்கொண்டே போனால், பார்க்கின்சன் நோயில் அசைவு ஏன் மந்தமாகிறது என்பது வரை தெளிந்துவிடும். பழைய நான்கு அட்டைகளையும் அழித்துவிட்டு அந்தப் படத்தையே ஓர் அட்டையாக வைத்துக்கொள்ளலாம்.

ஆன்கியின் மிகப்பெரிய குறை, அதற்குத் தேர்வுத் தேதி தெரியாது என்பது. வாழ்நாள் முழுவதும் மொழி கற்பவருக்கு ஏற்றபடி அமைந்த கருவி இது. ஓர் அட்டை ஒரு முறை வந்து மறுமுறை வருவதற்கு இடையிலான இடைவெளிக்கு அது வைத்திருக்கும் உச்சவரம்பு 36,500 நாள், அதாவது நூறு ஆண்டு. நவம்பரில் தேர்வு எழுதுபவருக்கு இந்தத் தாராளம் எதற்கு? அமைப்புப் பக்கத்தில் இந்த உச்சவரம்பை, தேர்வுக்கு எஞ்சியிருக்கும் நாட்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிட்டால், ஒவ்வோர் அட்டையும் தேர்வுக்கு முன் ஒரு முறையாவது கண்ணில் பட்டுவிடும். நாளொன்றுக்கு 20 புதிய அட்டைகள், 200 மீள்பார்வைகள் என்பது செயலி தானாக வைத்திருக்கும் அளவு. அந்த விகிதத்தையே ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்: இன்று சேர்க்கும் புதிய அட்டைகள் சில வாரங்களில் அன்றாட மீள்பார்வையாகப் பல மடங்கு பெருகி வரும். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஆன்கியைத் தொடங்கி ஆயிரம் அட்டைகளை ஏற்றுபவருக்கு அது உதவியாக இருப்பதைவிடச் சுமையாகவே முடியும். பருவத்தின் முதல் வாரத்தில் தொடங்கி, ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் பத்துப் பதினைந்து அட்டைகள் எழுதுபவருக்கே இது ஏற்றது. 23.10 பதிப்பில் சேர்ந்த எஃப்எஸ்ஆர்எஸ் என்னும் புதிய கணிப்பு முறையை இயக்கிவிட்டால், எத்தனை விழுக்காடு அட்டைகள் நினைவில் இருக்க வேண்டும் என்று நாமே சொல்லலாம். தொடக்கத்தில் அது 90 விழுக்காடாக இருக்கும். அதைக் கூட்டக் கூட்ட அன்றாட வேலை விரைவாக ஏறும் என்பதால், நரம்பியல் ஒன்றையே படிப்பவராக இல்லாதவரை தொடாமல் விடுவதே நல்லது.

தோற்றத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கணினி வடிவம் பழைய காலத்து மென்பொருளைப்போல வறண்டு கிடக்கிறது. அமைப்புப் பக்கத்தைத் திறக்கும் புதியவர் மிரண்டுபோவதில் வியப்பில்லை. கூடுதல் இணைப்பு நிரல்கள் கணினியில் மட்டுமே இயங்கும். தமிழ் எழுத்தில் அட்டை எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை, தேடலும் ஒழுங்காக வேலை செய்கிறது. பள்ளியில் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டியவர்கள், விளக்கத்தைத் தமிழிலும் கலைச்சொல்லை ஆங்கிலத்திலும் ஒரே அட்டையில் வைத்துக்கொள்ளலாம். புரிதலுக்கு ஒரு மொழியும் தேர்வுத்தாளுக்கு ஒரு மொழியுமாகத் திண்டாடும் மாணவர்களுக்கு இது சிறிய உதவி அல்ல.

கைபேசியைத் திறந்தால் வேறெங்கோ போய்விடும் பழக்கமுள்ளவர்களுக்குக் காகித வழியும் இருக்கிறது. ஜெர்மானியரான செபாஸ்டியன் லைட்னர் 1972இல் பரப்பிய முறைப்படி, அட்டைகளை ஐந்து அறைகள் கொண்ட பெட்டியில் போட்டு, தெரிந்ததை அடுத்த அறைக்கும் தெரியாததை முதல் அறைக்கும் மாற்றிக்கொண்டே வரலாம். ஓர் அறிமுகப் பாடத்தின் அளவுக்கு அது தாராளமாகப் போதும். படங்களை மறைத்துக் கேட்கும் வசதி மட்டும் அதில் கைவேலையாகிவிடும்.

ஆண்ட்ராய்டு கைபேசியோ கணினியோ வைத்திருப்பவர் இன்றே நிறுவிப் பார்க்கலாம், இழப்பதற்கு எதுவும் இல்லை. ஐபோன் வைத்திருப்பவருக்கு, இந்த ஒரு தேர்வுக்காக மட்டும் என்றால், அந்த 24.99 டாலரைச் செலவிடச் சொல்ல மாட்டேன். கணினியில் அட்டைகளை எழுதிக்கொண்டு, கைபேசியில் உலாவியின் வழியாக ஆன்கிவெப்பைத் திறந்து மீள்பார்வையை முடித்துக்கொள்ளலாம். வசதி சற்றுக் குறைவு, ஆனால் வேலை நடக்கும். அடுத்த ஆண்டும் உடற்கூற்றியல், மருந்தியல் என்று பெயர்கள் மிகுந்த பாடங்கள் காத்திருந்தால் அப்போது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். நரம்பியல் அட்டைகளை அழிக்காமல் தனிக் கட்டாக வைத்திருந்தால், மருந்தியலில் ஏற்பிகளின் பெயர்கள் திரும்ப வரும்போது அவற்றுள் பாதியை மறுபடி எழுத வேண்டியிருக்காது.